ஜான் ஆலன் பிரவுன்

ஜான் ஆலன் பிரவுன் (செப்டம்பர் 21, 1817 – நவம்பர் 22, 1879) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். புவியின் காந்தப்புலத்தை நீண்ட காலம் தொடர்ச்சியாக அளந்து, அந்த அளவீடுகளைத் திருத்தி, பிற நாட்டவரும் பயன்படுத்தத்தக்க வடிவில் வெளியிடுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். 1852 முதல் 1865 வரை திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார். தமிழரின் மரபில் அகத்தியர் வாழும் இடமாகக் கருதப்படும் பொதிகை மலையின் உச்சியில் காந்த ஆய்வகம் ஒன்றை அமைத்தவரும் இவரே. இவருடைய காந்த ஆய்வுகளுக்காக இலண்டன் அரச கழகம் 1878-ஆம் ஆண்டு அரச பதக்கம் வழங்கியது.

இன்று புவிகாந்தப்புலத்தின் கணித மாதிரிகள் சில கிலோபைட்டு அளவேயுள்ள உரைக்கோப்புகளாக உலகெங்கும் பரிமாறப்படுகின்றன. கணினி இல்லாத காலத்தில் அதே பரிமாற்றம் அச்சிட்ட அட்டவணைகள் வழியாக நடந்தது. ஓர் அளவீட்டை வேறொரு நாட்டில் இருப்பவர் பொருளறிந்து பயன்படுத்த அதனுடன் என்னென்ன விவரங்கள் சேர்ந்து செல்ல வேண்டும் என்ற கேள்வி அன்றும் இருந்தது. பிரவுனின் வாழ்க்கை பெரும்பாலும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

இளமை

பிரவுன் தெற்கு ஸ்காட்லாந்தில் உள்ள டம்பிரீஸ் நகரில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் டேவிட் போர்ப்ஸின் நட்பைப் பெற்றார். போர்ப்ஸின் பரிந்துரையால் 1842-ஆம் ஆண்டு, தமது 24-ஆம் வயதில், மேக்கர்ஸ்டவுன் காந்த ஆய்வகத்தின் இயக்குநரானார். ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் டுவீட் ஆற்றங்கரையில் இருந்த இந்த ஆய்வகம் சர் தாமஸ் பிரிஸ்பேன் என்பவரின் சொந்தச் செலவில் நடந்தது. பிரிஸ்பேன் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் ஆளுநராக இருந்தவர். சென்ற இடமெல்லாம் வானாய்வகம் கட்டும் பழக்கம் உடையவர். இங்கு பிரவுனின் உதவியாளராகப் பணிபுரிந்த ஜான் வெல்ஷ் பின்னாளில் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ ஆய்வகத்தின் பொறுப்பாளரானார். மேக்கர்ஸ்டவுனில் எடுத்த அளவீடுகள் எடின்பரோ அரச கழகத்தின் வெளியீடுகளில் பெருந்தொகுதிகளாக அச்சேறின. அட்டவணைகளைத் தொகுக்கும் முறையைப் பிரவுன் இங்குதான் கற்றுக்கொண்டார் எனலாம்.

அறிவியல் பின்னணி

பிரவுன் பணிக்கு வந்த காலம் புவிகாந்தவியலில் பெரும் எழுச்சி ஏற்பட்ட காலம் ஆகும். ஜெர்மானியக் கணித மேதை கார்ல் பிரீடிரிக் காஸ் 1839-இல் வெளியிட்ட புவிகாந்தவியலின் பொதுக் கொள்கையில், புவி முழுவதன் காந்தப்புலத்தையும் ஒரே கணிதத் தொடரால் குறிக்க முடியும் என்று காட்டினார். கோளச் சீரிசைகள் எனப்படும் சார்புகளின் கூட்டுத்தொகையே அத்தொடர். ஒவ்வொரு சார்பும் எவ்வளவு பங்களிக்கிறது என்பதைக் குறிக்கும் எண்கள் கெழுக்கள் ஆகும். காஸ் கணித்தவை 24 கெழுக்கள். அவை தெரிந்தால் காந்த ஊசி உலகின் எந்த இடத்தில் எத்திசையை நோக்கும், எவ்வளவு சாயும், எவ்வளவு விசையுடன் இழுக்கப்படும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம்.

ஆனால் கெழுக்களைக் கணிக்க உலகின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் அளவீடுகள் தேவை. ஐரோப்பாவில் அவை நிறைய இருந்தன, வெப்பமண்டல நாடுகளிலும் தென்கடல்களிலும் மிகக் குறைவு. இக்குறையைப் போக்க பிரித்தானிய அரசு டொராண்டோ, செயிண்ட் எலனா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் ஆகிய இடங்களில் ஆய்வகங்களை நிறுவியது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அளவீடுகளைத் தொடங்கியது. எல்லா இடங்களிலும் ஒரே கணத்தில் ஊசியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, காஸ் வாழ்ந்த கூட்டிங்கன் நகரின் நேரம் பொது நேரமாகக் கொள்ளப்பட்டது. சென்னையில் இரவில் விழித்திருந்து ஊசியைப் பார்த்தவரின் கணக்கு ஜெர்மனியின் கடிகாரத்தைச் சார்ந்திருந்தது. இன்றைய தரவுக் கோப்புகளில் எல்லா நேரமும் ஒருங்கிணைக்கப்பட்ட அனைத்துலக நேரத்தில் எழுதப்படுவதற்கு இதுவே முன்னோடி.

தென்னிந்தியா இம்முயற்சியில் தனிச் சிறப்புடையது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். அது இந்தியத் தீபகற்பத்தின் தென்பகுதியைக் கடந்து செல்கிறது. சென்னை வானாய்வகத்தின் தாமஸ் கிளான்வில் டெய்லரும் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் கால்டிகாட்டும் சேர்ந்து 1837-இல் தென்னிந்தியாவின் பல ஊர்களில் காந்தச் சரிவையும் செறிவையும் அளக்கத் தொடங்கியிருந்தனர். திருவனந்தபுரம் வானாய்வகத்தை அதே 1837-இல் நிறுவியவர் மன்னர் சுவாதித் திருநாள். கர்நாடக இசைக் கீர்த்தனைகளால் அறியப்படும் அவருக்கு வானியலிலும் ஈடுபாடு இருந்தது. கால்டிகாட் 1849-இல் இறந்த பின் அவ்விடத்துக்குத் தகுந்த ஒருவர் தேவைப்பட்டார்.

திருவனந்தபுரத்தில்

மேக்கர்ஸ்டவுனை விட்டபின் பிரவுன் சில காலம் பாரிசில் தங்கி, அங்கே திருமணம் செய்துகொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான கர்னல் சைக்சின் பரிந்துரையால் 1851-இல் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்கு நியமிக்கப்பட்டு, 1852 சனவரியில் வந்து சேர்ந்தார். அப்போது உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் இருந்தார். கம்பெனியின் ஆய்வகங்கள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டிருக்க, ஒரு சுதேச அரசின் பணத்தில் நடந்த இந்த ஆய்வகம் நீடித்து நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

ஆய்வகப் பணி எளிதானதன்று. காந்தம் ஒன்று மெல்லிய நூலில் தொங்கவிடப்பட்டிருக்கும். அதனுடன் இணைந்த சிறு கண்ணாடியில் தெரியும் அளவுகோலின் எண்ணைச் சற்றுத் தொலைவிலிருந்து தொலைநோக்கி வழியாகப் படிக்க வேண்டும். அருகில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆணி, தாழ்ப்பாள் முதலியனவும் செம்பு அல்லது மரத்தால் ஆனவையாக இருக்க வேண்டும். படிப்பவரின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தும் ஊசியை அசைத்துவிடும். மணிக்கு ஒரு முறை படித்தால் ஓராண்டில் ஒரு கருவிக்கு 8,760 அளவீடுகள் சேரும். ஒளிப்படம் மூலம் தானே பதியும் கருவிகள் 1840-களின் இறுதியில் இங்கிலாந்தில் வந்துவிட்டபோதிலும், திருவனந்தபுரத்தில் கண்ணால் பார்த்துக் கையால் எழுதும் முறையே இருந்தது. இரவும் பகலும் இப்பணியைச் செய்தவர்கள் பிரவுன் பயிற்சி அளித்த உள்ளூர் உதவியாளர்கள் ஆவர். இவர்களின் உழைப்பைப் பற்றி அறிவியல் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை.

பொதிகை உச்சியில் ஆய்வகம்

காந்த ஊசி ஒரு நாளுக்குள்ளேயே காலையில் ஒருபுறமும் பிற்பகலில் மறுபுறமும் சிறிதளவு நகர்கிறது. இத்தினசரி மாற்றத்தின் காரணம் நிலத்துக்குள் இருக்கிறதா, காற்று மண்டலத்தில் இருக்கிறதா என்பது அன்று தீர்க்கப்படாத வினா. உயரமான இடத்தில் ஒரு கருவியும் தாழ்வான இடத்தில் ஒரு கருவியும் வைத்து ஒரே நேரத்தில் அளந்தால் விடைக்கு வழி பிறக்கும் எனப் பிரவுன் கருதினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அகத்தியர் சிகரம். திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் அது உள்ளது.

இன்று தமிழ்நாடு, கேரள எல்லையில் அமைந்துள்ள இச்சிகரத்தின் கிழக்குச் சரிவுகளில் தாமிரபரணி பிறக்கிறது. கயிலையில் சிவன் பார்வதி திருமணத்தைக் காண எல்லோரும் வடக்கே கூடியதால் நிலம் ஒருபுறம் தாழ்ந்தது என்றும், அதைச் சமன் செய்ய அகத்தியர் தென்திசைக்கு அனுப்பப்பட்டார் என்றும் புராணம் கூறும். ஊசி வடக்கிலும் தெற்கிலும் சாயாது ஏறக்குறைய சமமாக நிற்கும் பகுதியில் அதே மலை இருப்பது தற்செயலான பொருத்தமே. ஆயினும் தமிழ் வாசகர் அதை நினையாமல் இருக்க முடியாது.

அடர்ந்த காட்டின் ஊடே பாதை வெட்டி, கட்டுமானப் பொருட்களையும் கருவிகளையும் ஆட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. யானைகள் நடமாடும் காடு அது. உச்சியில் கடுங்காற்றும் பருவமழையும் மூடுபனியும் உண்டு. சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள் அக்குளிரில் வேலை செய்யத் தயங்கினர். இத்தனை தடைகளுக்கும் பிறகு 1855-இல் ஆய்வகம் செயல்படத் தொடங்கியது. உச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஒரே மணியில் அளவீடுகள் எடுக்கப்பட்டன. காந்த விலக்கத்தின் தினசரி மாற்றம் இரு இடங்களிலும் பெரும்பாலும் ஒத்திருந்தது. இம்மாற்றத்தை உண்டாக்கும் மின்னோட்டம் நிலத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேலே, அயனி மண்டலத்தில் ஓடுகிறது என்று இன்று அறிவோம். அந்த உயரத்தோடு ஒப்பிட்டால் பொதிகையின் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டன்று. எனவே பிரவுன் தேடிய வேறுபாடு கிடைக்காமற்போனது இயல்பே. அவ்வளவு இடர்ப்பட்டும் வேறுபாடு இல்லை என்பதை உள்ளபடியே பதிவு செய்தது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது.

வெப்பத் திருத்தம்

பிரவுனின் பணிகளுள் அதிகம் பேசப்படாததும், இக்கட்டுரையாளரின் கருத்தில் மிக முக்கியமானதும் இதுவே. புவிகாந்தப்புலத்தின் கிடைத்திசைக் கூற்றின் வலிமையை அளக்க இருநூல் காந்தமானி பயன்பட்டது. இதில் காந்தம் ஒரு நூலுக்குப் பதிலாக இரு நூல்களில் தொங்கும். நூல்களை முறுக்கி, காந்தம் வடக்குத் தெற்காக நில்லாமல் கிழக்கு மேற்காக நிற்குமாறு செய்வர். புவியின் இழுவிசை கூடினாலோ குறைந்தாலோ காந்தம் சற்றே திரும்பும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொங்கும் காந்தத்தின் சொந்த வலிமை சூட்டில் குறையும். ஆகவே வெப்பமான பிற்பகலில் கருவி காட்டும் மாற்றத்தில் எவ்வளவு புவியினுடையது, எவ்வளவு கருவியினுடையது என்பது விளங்காது. இதைத் திருத்துவதற்கு ஒவ்வொரு காந்தத்துக்கும் ஒரு வெப்பக் கெழு தேவை. வழக்கமான முறையில், காந்தத்தைக் கருவியிலிருந்து கழற்றி வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்து, அது மற்றொரு காந்தத்தை எவ்வளவு விலக்குகிறது என்று பார்த்துக் கெழுவைக் கண்டனர்.

இம்முறையில் கிடைக்கும் கெழு தவறானது என்று பிரவுன் மேக்கர்ஸ்டவுனிலேயே ஐயுற்றார். வெந்நீரில் இருக்கும் காந்தமும், அறையில் நூலில் தொங்கும் காந்தமும் ஒரே நிலையில் இல்லை. நூல்கள், அவற்றைத் தாங்கும் பாகங்கள் ஆகியவற்றின்மீதும் வெப்பம் செயற்படும். எனவே காந்தத்தைக் கழற்றாமல், வழக்கமான நிலையிலேயே, அறையின் வெப்பநிலை மாறிய காலங்களின் அளவீடுகளை ஒப்பிட்டுக் கெழுவைக் கணிக்கும் முறையை அவர் உருவாக்கினார். இவ்விரு முறைகளும் ஒரே காந்தத்துக்கு வெவ்வேறு எண்களைத் தந்தன.

இது சிறிய நுட்பப் பிரச்சினை போலத் தோன்றலாம். அதன் விளைவு பெரிது. பல ஆய்வகங்களின் அட்டவணைகள் பழைய முறையில் திருத்தப்பட்டே அச்சாகியிருந்தன. திருத்துவதற்கு முந்தைய எண்ணும், அந்நேரத்து வெப்பநிலையும், பயன்படுத்திய கெழுவும் அச்சில் இருந்தால் பிற்காலத்தவர் கணக்கைத் திரும்பச் செய்யலாம். திருத்திய எண் மட்டும் இருந்தால் அந்த ஆண்டுகளின் உழைப்பு மீட்க முடியாதபடி பயனற்றுப்போகும். காஞ்சிபுரத்து நெசவாளர்கள் ஜக்கார்டு பெட்டியில் கோக்கும் அட்டைகளை இங்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒரு தறிக்குத் துளையிட்ட அட்டையைக் கொக்கிகளின் எண்ணிக்கை வேறான தறியில் கோத்தால் அன்னமும் மாங்காயும் வராது. எத்தறிக்கான அட்டை என்பது அட்டையோடு சேர்ந்து செல்ல வேண்டிய செய்தி.

அலகுகளிலும் குழப்பம் இருந்தது. காஸ் மில்லிமீட்டர், மில்லிகிராம், நொடி ஆகியவற்றைக் கொண்டு காந்தச் செறிவை அளந்தார். பிரித்தானியர் அடி, கிரெயின், நொடி என்று அளந்தனர். பிரித்தானிய அலகு ஒன்று இன்றைய கணக்கில் ஏறத்தாழ 4,611 நானோ டெஸ்லா ஆகும். எந்த அலகு என்று குறிப்பிடாத எண்ணைக் கொண்டு எதையும் செய்ய இயலாது.

முக்கிய முடிவுகள்

வெப்பத் திருத்தம் சரியானபின் பிரவுனுக்குப் புதிய காட்சி ஒன்று புலப்பட்டது. கிடைத்திசைக் கூற்றின் நாள் சராசரியை ஸ்காட்லாந்திலும், இந்தியாவிலும், தென்கோளத்து ஆய்வகங்களிலும் ஒப்பிட்டபோது அவை ஏறக்குறைய ஒரே நாட்களில் கூடியும் ஒரே நாட்களில் குறைந்தும் வந்தன. புவி ஒரு முழுக் காந்தமாகவே வலிமை கூடுவதும் குறைவதும் போல இருந்தது. அதுவரை கருவியின் பிழை என ஒதுக்கப்பட்ட மாற்றங்களின் பின்னால் உலகளாவிய ஒரு நிகழ்வு மறைந்திருந்தது. கிடைத்திசை விசை பற்றிய இவ்வாய்வுகளுக்காக எடின்பரோ அரச கழகம் 1859–61 காலத்துக்குரிய கீத் பரிசை அவருக்கு அளித்தது.

அம்மாற்றங்கள் சுமார் 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வருவதையும் அவர் 1858-இல் சுட்டிக்காட்டினார். புவியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒருமுறை சுழல எடுத்துக்கொள்ளும் காலத்தோடு இது நெருங்கியது. காந்தக் குலைவுகள் சூரியனின் சில குறிப்பிட்ட பகுதிகளிலிருந்து வருகின்றன என்ற கருத்துக்கு அவர் இதன் வழியே வந்தார். பிராக் நகரில் ஹார்ன்ஸ்டைன் 1871-இல் தனியே இதைப் போன்ற காலமுறையைக் கண்டறிந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்டர் 27 நாள் மீள்வரவை நிறுவினார். அதற்குக் காரணமான சூரியப் பகுதிகள் எவை என்பது 1970-களில், ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் ஊடுகதிர்ப் படங்களில் ஒளிவட்டத் துளைகள் தெளிவான பின்னரே விளங்கியது.

நிலவின் ஓட்டத்தோடு காந்த ஊசி மிகச் சிறிதளவு அசைவதையும் பிரவுன் விரிவாக ஆராய்ந்தார். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இவ்வசைவு பருவத்துக்குப் பருவம் மாறுவதையும், பகலில் மிகுந்தும் இரவில் குறைந்தும் காணப்படுவதையும் பதிவு செய்தார்.

அருங்காட்சியகமும் பிற பணிகளும்

திருவனந்தபுரத்தில் இன்று நேப்பியர் அருங்காட்சியகம் என அறியப்படும் நிறுவனத்தின் தொடக்கம் 1857-ஆம் ஆண்டுக்குரியது. அதை உருவாக்கியதில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ஜெனரல் கல்லனுடன் பிரவுனுக்கும் முக்கியப் பங்கு உண்டு. இப்போதைய சிவப்புக் கட்டிடம் பிரவுன் நாடு திரும்பிய பின் எழுந்தது. பொதுப் பூங்காவை அமைத்தல், பஞ்சாங்கத் திருத்தம், எடை மற்றும் அளவைகளைச் சீராக்குதல் ஆகியவற்றிலும் ஈடுபட்டார்.

ஐரோப்பாவில் இறுதிக் காலம்

1865-இல் பிரவுன் இந்தியாவை விட்டுச் சென்றார். அவர் சென்ற பின்னும் திருவனந்தபுரத்தில் காந்த விலக்கம் 1869 வரை அளக்கப்பட்டது. அவர் முதலில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும், பின் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலும் வாழ்ந்து, 1873-இல் இலண்டனில் குடியேறினார். திருவிதாங்கூர் அரசு அளித்த சிறு ஓய்வூதியமே அவருக்கு ஆதாரம். தம்முடன் கொண்டுவந்த அளவீட்டுப் பதிவுகளைத் திருத்தி அச்சுக்குத் தயாரிப்பதில் எஞ்சிய ஆண்டுகளைச் செலவிட்டார்.

திருவனந்தபுரத்திலும் அகத்திய மலையிலும் எடுத்த காந்த விலக்க அளவீடுகளின் முதல் தொகுதி 1874-இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவில் இலண்டனில் வெளிவந்தது. அதில் எண்களோடு கருவிகளின் விவரம், கட்டிடங்களின் அமைப்பு, பிழைகளின் ஆய்வு ஆகியனவும் இடம்பெற்றன. ஆனால் அத்தொகுதி காந்த விலக்கத்தை மட்டுமே கொண்டது. அவர் அதிகம் உழைத்த கிடைத்திசைக் கூற்றின் அட்டவணைகள் அவர் வாழ்நாளில் தனித் தொகுதியாக வெளிவரவில்லை. பிற ஆய்வகங்களின் பழைய அளவீடுகளைச் சீர்படுத்தும் பணியையும் அரச கழகத்தின் உதவியோடு மேற்கொண்டிருந்தார். அதுவும் முடியுமுன் 1879 நவம்பர் 22 அன்று இலண்டனில் தமது 62-ஆம் வயதில் காலமானார்.

பிற்காலம்

1957-இல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டித் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் புதிய காந்த ஆய்வகங்கள் தொடங்கப்பட்டன. அதே ஆண்டில் அமைந்த உலகத் தரவு மையங்கள், எல்லா நாடுகளின் அளவீடுகளையும் ஒரே வடிவில் சேர்க்கத் தொடங்கின. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் பகல் வேளையில் அயனி மண்டலத்தில் ஓடும் வலிமையான மின்னோட்டத்தை ஆராய்வதற்காகவே தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ஏவூர்தி செலுத்தப்பட்டது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகில் ஆய்வகம் ஒன்றை நடத்தி வருகிறது.

காஸ் தொடங்கிய கெழுக்களின் பட்டியல் இன்று பன்னாட்டுப் புவிகாந்த மேற்கோள் புலம் என்ற பெயரில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதன் 14-ஆம் பதிப்பு 2024-இல் வெளிவந்தது. கோப்பின் ஒவ்வொரு வரியும் ஜி அல்லது எச் என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து இரண்டு முழு எண்கள், பின்னர் 1900 முதல் ஐந்தைந்து ஆண்டுகளுக்கான மதிப்புகள். 2000-க்குப் பிந்தைய மாதிரிகளில் 195 கெழுக்கள் உள்ளன. முதல் கெழுவின் மதிப்பு 1900-இல் −31,543 நானோ டெஸ்லா, 2025-இல் −29,350. புவியின் முதன்மைக் காந்தப்புலம் வலிமை குறைந்து வருவதை இந்த ஒரு வரியே காட்டிவிடும். காஞ்சிபுரத்தில் இருக்கும் மாணவர் ஒருவர் இக்கோப்பையும் ஒரு சிறு நிரலையும் கொண்டு, 12.83 பாகை வடக்கு, 79.70 பாகை கிழக்கு என்று தம் ஊரின் இருப்பிடத்தைக் கொடுத்தால், அங்கே ஊசி எத்திசை காட்டும் என்பதை நொடியில் அறியலாம். ஆனால் கெழுக்கள் ஷ்மிட் என்பவர் வகுத்த முறைப்படி அளவிடப்பட்டவை என்பதும், புவியின் ஆரம் 6,371.2 கிலோமீட்டர் எனக் கொள்ளப்பட்டது என்பதும் நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் விடை வரும், தவறாக வரும். பிரவுன் எதிர்கொண்ட வெப்பக் கெழுவின் சிக்கலும் இவ்வகையினதே.

ஆய்வகங்களின் அளவீடுகளைப் பரிமாற ஐ.ஏ.ஜி.ஏ-2002 என்னும் கோப்பு வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. எளிய உரைக்கோப்பான இதில் ஒரு வரிக்கு 70 எழுத்துகள். எண்கள் தொடங்குமுன் 12 கட்டாயத் தலைப்பு வரிகள் வர வேண்டும். நிலையத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அளக்கப்பட்ட கூறுகள், தரவின் வகை முதலியன அவற்றில் அடங்கும்.

19-ஆம் நூற்றாண்டின் அளவீட்டு நூல்களை மின்படியாக்கி இத்தகைய வடிவங்களுக்கு மாற்றும் பணி பல நாடுகளில் நடைபெறுகிறது. மங்கிய அச்சில் 3-ஐயும் 8-ஐயும் கணினி மாற்றிப் படிப்பதால் பெரும்பகுதியைக் கையால் சரிபார்க்க வேண்டியுள்ளது. பிரவுனின் 1874-ஆம் ஆண்டுத் தொகுதியைப் பொறுத்தவரை தலைப்பு வரிகளுக்குத் தேவையான நிலைய விவரங்களில் பெரும்பாலானவை அந்நூலிலேயே கிடைக்கின்றன. கிடைத்திசைக் கூற்றுக்குரிய நெடுவரிசையில் என்ன இடுவது என்பதே கேள்வி. அளவீடு விடுபட்டிருந்தால் 99999 என்றும், அக்கூறு அளக்கப்படவே இல்லையெனில் 88888 என்றும் இட வேண்டும் என்பது வடிவத்தின் விதி. அளந்தும் அச்சேறாத எண்களுக்கு அதில் குறியீடு இல்லை.